அணையா அடுப்பும் நான்கு மூலிகையும் – வள்ளலார் வாழ்க்கை



போன இதழில் மழைநீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு லிஃப்டில் பார்த்த மூன்று நான்கு பேர், அடுத்த தடவை உடம்புக்கு நல்லதாக ஏதாவது எழுதுங்கள் சார் என்று கேட்டீர்கள். சரி, கீரை, மூலிகை, சாப்பாட்டுப் பழக்கம் என்று எழுதலாமென உட்கார்ந்தேன். இந்தக் கீரை இதற்கு நல்லது, அந்தக் காய் அதற்கு நல்லது என்ற பட்டியல்தான் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே! நானும் ஒன்று எழுதினால் விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள்.

அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் பிறந்த நாள் இந்தக் காலாண்டில்தான், அக்டோபர் 5-ல் வருகிறது. தமிழக அரசு அந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாக அனுசரிக்கிறது. வடலூர் வள்ளலார் என்றால் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைத் துணியால் தலையை மூடி, கைகட்டி நிற்கும் படம் நம் ஆரணியில் எத்தனையோ வீட்டுப் பூஜை அறையில், அரிசி மண்டியில், தறிக்கூடத்தில் இருக்கிறது. அவரைச் சாமியாராக, பாடல் பாடியவராகத் தெரிந்த அளவுக்கு, நாம் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்றெல்லாம் உட்கார்ந்து எழுதி வைத்தவராகத் தெரியாது. எனக்கும் அறுபது வயது வரை தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். எனக்குத் தெரிந்தது பற்று, வரவு, மீதி. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளை

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூர் என்ற கிராமம். அங்கே கிராமக் கணக்கு எழுதியும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் குடும்பம் நடத்தியவர் இராமையா பிள்ளை. மனைவி சின்னம்மை. இவர்களுக்கு ஐந்தாவது, கடைசிப் பிள்ளையாக 1823-ம் ஆண்டு பிறந்தவர் இராமலிங்கம். பெரிய அண்ணன் சபாபதி, அடுத்தவர் பரசுராமன், பிறகு இரண்டு அக்காமார். குழந்தை தவழும் பருவத்தைத் தாண்டும் முன்பே அப்பா போய்விட்டார்.

கணக்குப்பிள்ளை போனதும் வீட்டுக் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்து பிள்ளைகள், நிலையான வருமானம் இல்லை. சின்னம்மை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி பக்கத்தில் உள்ள தன் பிறந்த ஊருக்குப் போனார். பின்னர் குடும்பம் சென்னைக்கு வந்து, ஏழுகிணறு பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியேறியது. அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து கிடைத்த சம்பாவனையில் குடும்பத்தைத் தாங்கினார்.

தம்பியை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பையனோ வகுப்பில் உட்காராமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் போய் நின்றுவிடுவான். கோபம் வந்த அண்ணன், இனி இவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

இங்கே அண்ணி பாப்பாத்தியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளலார் வரலாறு சொல்பவர்கள் எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி இது. அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. கணவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக வரச் சொல்லி அந்தச் சிறுவனுக்குச் சோறு போட்டு வந்தார். ஒரு நாள் மாமனாரின் திவசம். முன்கட்டில் உறவினர் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் எல்லோரும் போன பிறகு கொல்லைக் கதவு வழியாக வந்து நின்றான். அதைப் பார்த்த அண்ணி அழுதுவிட்டார். அண்ணி அழுவதைத் தாங்காமல்தான் இராமலிங்கம் வீட்டிலேயே தங்கிப் படிக்கச் சம்மதித்தார் என்று சொல்வார்கள். தனக்கென்று மாடியில் ஓர் அறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வயிறு காய்ந்து கொல்லைக் கதவில் நின்ற பிள்ளைதான், பிற்காலத்தில் யார் வந்தாலும் முன்வாசல் வழியாகவே வந்து சாப்பிடட்டும் என்று ஒரு சாலையைத் திறந்தார். நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருந்தாலும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கத் தோன்றுகிறது எனக்கு.

சென்னையிலிருந்து கருங்குழிக்கு

அவர் கையெழுத்துப் பிரதிகளைச் சரிபார்த்து நூல் பதிப்பித்தார். 1851-ல் ஒழிவிலொடுக்கம் என்ற பழைய நூலை அச்சுக்குக் கொண்டுவந்தார். 1854-ல் மனுமுறை கண்ட வாசகம் என்ற உரைநடை நூலை எழுதினார். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதைதான் அது. 1850-ல், இருபத்தேழு வயதில், வீட்டார் வற்புறுத்தியதால் அக்காள் மகள் தனக்கோடியை மணந்தார். ஆனால் குடும்ப வாழ்க்கையில் அவர் மனம் ஒட்டவில்லை.

1858-ஐ ஒட்டிச் சென்னையை விட்டுக் கிளம்பி, சிதம்பரம் வழியாக வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழி போய்ச் சேர்ந்தார். அங்கே வேங்கட ரெட்டியார் வீட்டில் 1867 வரை தங்கினார். ஏறக்குறைய ஒன்பது வருடம். ஒருவரை ஒன்பது வருடம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அந்தக் குடும்பத்தையும் நாம் மறக்கக்கூடாது.

கருங்குழியில் இருந்தபோது நடந்த ஒரு செய்தி. சென்னையில் இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் இருந்தார். வள்ளலார் பாடல்களைப் புத்தகமாக அச்சிட வேண்டும், அதற்கு ஏடுகளை அனுப்பும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் பூண்டுவிட்டார். பாடல்களை வெளியிட வள்ளலாருக்கு விருப்பமே இல்லை. ஆனால் தன் பொருட்டு ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்று தெரிந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதி, வெளியிடவும் இணங்கினார். 1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சாகி வந்தன. அவர் தாமே பல நாள் உணவில்லாமல் இருப்பவர், சர்க்கரை கலந்த வெந்நீரோடு நிறுத்திக்கொள்பவர். ஆனால் அடுத்தவர் பட்டினி இருந்தால் பதறிவிடுவார். தன் பட்டினி வேறு, பிறர் பட்டினி வேறு என்று இரண்டு பேரேடு வைத்திருந்தார் என்று சொல்லலாம்.

1867-ம் ஆண்டு மே 23

1865–66 காலத்தில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. வடக்கே ஒரிசாவில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். வழியில் பசித்துக் கிடப்பவர்களை அவர் தினமும் பார்த்திருக்க வேண்டும். 1865-ல் சாதி, சமய வேறுபாடு பார்க்காத ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அடுத்து, சங்கம் என்றால் கூடிப் பேசிக் கலைவது மட்டும் போதாது, சோறு போட வேண்டும் என்று முடிவு செய்தார்.

வடலூர் மக்களிடம் நிலம் கேட்டார். அவர்கள் ஏறக்குறைய 80 காணியை இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி 1.32 ஏக்கர். கூட்டிப் பார்த்தால் 106 ஏக்கர் வருகிறது. இன்று நம் பக்கத்தில் அரை சென்ட் வழிவிடச் சொன்னாலே பஞ்சாயத்து வைக்கிறோம் என்பதை நினைத்தால் அந்த மக்களின் மனசு புரியும்.

1867 மே 23 அன்று, வைகாசி மாதம், சத்திய தருமசாலை திறந்தார்கள். அதற்காகக் கட்டிய அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். அன்று அவர் மூட்டிய தீ இன்றுவரை அணையவில்லை. சமையல் முடிந்தாலும் தணலைக் காத்து வருகிறார்கள். அவர் மறைந்து சில வருடத்திலேயே 1876–78-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம் வட ஆற்காடும் அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டம். ஆரணி அப்போது ஜாகீராக இருந்தது. அந்தப் பஞ்சம் வருவதற்கு முன்பே வடலூரில் ஓர் அடுப்பு தயாராக எரிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தினசரி ஒழுங்கு

பசித்தவனுக்குச் சோறு போடுவது ஒரு பக்கம். சோறு கிடைத்தவன் அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் அவர் பார்த்தார். நித்திய கரும விதி என்ற தலைப்பில் காலை எழுந்தது முதல் இரவு படுப்பது வரை செய்ய வேண்டியதை எழுதி வைத்திருக்கிறார். நானூறுக்கும் மேற்பட்ட மூலிகைகளின் குணங்களை வரிசையாக ஓர் அட்டவணையாகவும் தந்திருக்கிறார். அட்டவணை போட்டவர் என்றதுமே எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

அவர் சொன்னதின் சாரத்தை என் வார்த்தையில் தருகிறேன்.

சூரியன் உதிக்கும் முன் எழுந்துவிட வேண்டும். வேலங்குச்சி, ஆலம் விழுது போன்றவற்றால் பல் துலக்கி, கரிசலாங்கண்ணிப் பொடியால் உள்ளே தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் நான்கையும் சேர்த்த பொடியைத் தண்ணீரும் பாலும் கலந்து காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடிக்க வேண்டும். நான்கில் கரிசலாங்கண்ணி கூடுதல், மற்ற மூன்றும் குறைவு. இன்று நாம் காபி குடிக்கும் நேரத்தில் அவர் வைத்த பானம் இது.

சாப்பாட்டில் அவர் கண்டிப்பு அளவில்தான். அவசரமாக அள்ளிப் போடவும் கூடாது, மிக மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. சோறு அரைவேக்காடாகவும் இருக்கக் கூடாது, குழையவும் கூடாது. சீரகச் சம்பா அரிசியை நல்லதென்று சொல்கிறார். நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை நம் மூக்கைத் துளைக்கும் பிரியாணிக்கும் இதே சீரகச் சம்பாதான்! அரிசி ஒன்றுதான், போகும் வழி வேறு. அவர் மாமிசத்தை எந்தக் காலத்திலும் கூடாது என்று ஒதுக்கியவர். நம்மில் சாப்பிடுபவர்களும் உண்டு, சாப்பிடாதவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் அளவு பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும்.

குழம்பு, கறியில் புளியும் மிளகாயும் கொஞ்சமாக இருக்க வேண்டும், மிளகும் சீரகமும் அதிகமாக இருக்கலாம். உப்பைக் குறைக்க வேண்டும். எண்ணெய்க்குப் பதில் நெய் கொஞ்சம் சேர்க்கலாம், எண்ணெய்தான் என்றால் நல்லெண்ணெய். காய்களில் முருங்கை, கத்தரி, அவரை, பீர்க்கு, புடல், கொத்தவரை போன்றவற்றை அனுமதிக்கிறார். கிழங்கில் கருணைக்கிழங்கைத் தவிர மற்றதை விலக்குகிறார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, பசலை, முருங்கை, சிறுகீரை இவற்றைப் பருப்போடு சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார். பழங்கறி கூடாது, புளித்த தயிர் கூடாது. பட்சணம் பலகாரத்தைத் தள்ளி வைக்கிறார். இரவுச் சாப்பாடு பகலைவிடக் குறைவாக, நேரத்தோடு இருக்க வேண்டும். பகல் தூக்கம் கூடாது. இரவில் இடது பக்கமாகப் படுக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது எண்ணெய்க் குளியல். எந்தக் காலத்திலும் வெந்நீரே குடிக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று, பயம், கவலை, கோபம் இவற்றோடு இருக்கக் கூடாது என்பதையும் உடம்புக்கான விதியாகவே சேர்த்திருக்கிறார்.

வெந்நீர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் காலத்தில் காலரா வந்தால் ஊரே காலியாகும். காலராக் கிருமியை இராபர்ட் காக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தது 1884-ல், வள்ளலார் மறைந்து பத்து வருடம் கழித்து. கிருமியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காய்ச்சிய தண்ணீரையே குடி என்ற பழக்கத்தை ஒருவர் விடாமல் பின்பற்றியிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்! உப்பும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் இன்று ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. நம் வீட்டு ஊறுகாய், அப்பளம், கடை மிக்சரைக் கணக்கில் சேர்த்தால் நம் பேரேடு பற்றில்தான் நிற்கும்.

நான் செய்த தவறு

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான்.

வங்கியில் இருந்தபோது காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலைதான் எழுந்திருப்பேன். நாலு மணிக்கு டீயும் போண்டாவும் வரும். கூலி, கடன் விஷயமாகத் தறிக்காரர்கள் வருவார்கள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு விடியற்காலை முதல் உட்கார்ந்தவர்கள், காலைப் பலகாரத்தைப் பதினொரு மணிக்கு டீயாலேயே முடித்துக்கொள்பவர்கள். அவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் நாற்காலி ஒன்றுதான். ஓய்வு பெற்ற வருடம் பரிசோதித்தபோது சர்க்கரை இருப்பது தெரிந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு கண்காட்சியில் மூலிகைப் பொடி டப்பா ஒன்றைப் பார்த்தேன். அதில் வள்ளலார் படமும் போட்டிருந்தது. இதைச் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். மாத்திரையை நிறுத்தினேன். பொடியும் சாப்பிட்டேன், போண்டாவும் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் கால் விரலில் ஒரு சின்னப் புண், ஆறவே இல்லை. பரிசோதித்தபோது எண் எகிறியிருந்தது. நல்ல வேளையாக விரல் தப்பியது. டாக்டர் திட்டியதைவிட என் மனைவி திட்டியதுதான் அதிகம். அது நியாயமும்கூட.

அதற்குப் பிறகுதான் வள்ளலார் உண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று புத்தகத்தைத் தேடி வாங்கிப் படித்தேன். அப்போதுதான் என் தவறு புரிந்தது. அவர் மூலிகையை மட்டும் சொல்லவில்லை. நேரத்தோடு எழு, குறைத்துச் சாப்பிடு, உப்பு புளியைக் குறை, இரவில் வயிற்றை லேசாக வை, பயப்படாதே, கோபப்படாதே என்ற நூறு ஒழுங்கில் ஒன்றுதான் அந்தப் பொடி. நான் நூறில் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, கடையில் விலைக்குக் கிடைத்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டேன். டெபாசிட்டே போடாமல் வட்டி கேட்டவன் கதை.

ஆகவே உங்களுக்கு என் வேண்டுகோள். நம் குடியிருப்பில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர். யாரும் ஒரு கட்டுரையைப் படித்து, இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மருந்தை நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கீரையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உணவு ஒழுங்கு மருந்துக்குத் துணை.

கடைசி நாட்கள்

1870-ல் வள்ளலார் வடலூருக்குப் பக்கத்தில் உள்ள மேட்டுக்குப்பத்தில் தங்கத் தொடங்கினார். 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞான சபையை அமைத்தார். எண்கோண வடிவக் கட்டடம் அது. ஏழு திரைகளை விலக்கி, தைப்பூசத்தன்று ஜோதியைக் காட்டுகிறார்கள். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவைத்து ஒரு நீண்ட உரை ஆற்றினார். தம் பேச்சைக் கேட்டவர்கள் பலர், அதன்படி நடந்தவர்கள் சிலர்தான் என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு அப்போது ஐம்பது வயது. பின்பு அவரை யாரும் பார்க்கவில்லை. அன்பர்கள் அவர் ஜோதியில் கலந்ததாக நம்புகிறார்கள். அவர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட செய்தி 1906-ல் அச்சான தென் ஆற்காடு மாவட்ட கெசட்டியரிலும் பதிவாகியிருக்கிறது. அவர் கையால் மூட்டிய அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

நாம் என்ன செய்யலாம்

போன தை மாதம் நானும் மனைவியும் வடலூர் போயிருந்தோம். ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு, செஞ்சி, விழுப்புரம், பண்ருட்டி வழியாகப் போகலாம். தருமசாலையில் எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு ஒரு பக்கம் காரில் வந்த குடும்பம், இன்னொரு பக்கம் செருப்பு இல்லாமல் நடந்து வந்த பெரியவர். எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே சாம்பார். அந்தப் பெரியவர் இலையில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. நான் பாதியை மீதி வைத்திருந்தேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் இலையை மட்டும் ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் நான் மிச்சம் வைக்கவில்லை. இன்றுவரை வீட்டிலும் வைப்பதில்லை.

நம் குடியிருப்புக்கு மூன்று யோசனை சொல்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் பேசலாம்.

முதலாவது, மொட்டை மாடியில் மூலிகைத் தொட்டிகள். தூதுவளை முள் கொடி, கம்பு ஊன்றினால் ஏறிவிடும். இலையை நெய்யில் வதக்கித் துவையல் அரைக்கலாம், ரசம் வைக்கலாம். சளி பிடித்த வீட்டில் கேட்டு வாங்கிப் போவார்கள். முசுமுசுக்கையின் இலை தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அரிசியோடு அரைத்து அடையாக ஊற்றினால் பிள்ளைகள் சாப்பிட்டுவிடும். கரிசலாங்கண்ணிக்கு ஈரம் இருந்தால் போதும். நம் கமண்டல நாகநதிப் பக்கத்து வயல் வரப்பில் அதுவாகவே முளைத்துக் கிடக்கும். சாக்கடை ஓரத்தில் முளைத்ததை மட்டும் பறிக்காதீர்கள். நம் மோட்டார் அறைக்குப் பின்னால் முளைத்திருந்ததைப் போன மாதம் களை என்று பிடுங்கிவிட்டார்கள். தோட்டக்காரரைக் குறை சொல்ல முடியாது, நாம் யாரும் அவரிடம் சொல்லவில்லையே.

இரண்டாவது, நம் விழாக்களில் மிச்சமாகும் சாப்பாடு. போன பொங்கல் விழாவில் ஒரு அண்டா சாம்பார் சாதம் வீணாகிக் கீழே கொட்டினோம். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இனி எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே பெயர் வாங்கி அந்த அளவு மட்டும் சமைப்போம். மீதி இருந்தால் சூடாக இருக்கும்போதே காவலாளிகள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் வயதான நெசவாளர்கள் இவர்களுக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்வோம். நம்மோடு சேர்ந்து பந்தியில் உட்காரச் சொன்னால் இன்னும் நல்லது. கொல்லைக் கதவு வழியாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, வரும் தைப்பூசத்துக்கு நம் குடியிருப்பின் சார்பில் ஆரணி அரிசி ஒரு மூட்டை வடலூர் அடுப்புக்கு. வீட்டுக்கு ஒரு படி போட்டால் போதும். வாங்கவும் வரவு வைக்கவும் நான் தயார். ஒரு மணி அரிசிக்குக்கூடக் கணக்குக் காட்டுவேன், அந்தத் தொழில்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் தூதுவளை, முசுமுசுக்கை வைத்துச் செய்யும் பக்குவம் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் பெயரோடு போடலாம். இன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பாருங்கள். நாளைக் காலை எழும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று மாடிப்படியில் பார்க்கும்போது சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருப்போம்.

– இரண்டாம் தளத்திலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்